டெமோவில் மேசை செய்கிறார்கள், நாம் செய்வது டீத்தூள்

(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: வணக்கம் சார். கோத்தகிரி பக்கம் எங்களுக்கு இரண்டு தேயிலை ஃபேக்டரி இருக்கிறது. சொந்தத் தோட்டம் கிடையாது, இலை முழுக்க சிறு விவசாயிகளிடம் வாங்குவதுதான். மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கெட் யூனிட், கோவையில் ஒரு டெப்போ. வருட விற்பனை 40 கோடியைத் தொடும். கணக்கு டேலியில், இலைக் கணக்கு எக்செலில், சம்பளம் பழைய பேரேட்டில். எல்லாவற்றையும் ஒரே கிளவுட் சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோகலாம் என்கிறான் மகன். நாலு கம்பெனிக்காரர்கள் வந்து டெமோ காட்டினார்கள், நாலுமே நன்றாகத்தான் இருக்கிறது. எதை எடுக்கட்டும்?

பதில்: நாலும் நன்றாகத்தான் இருக்கும் சார், டெமோவில் எது மோசமாக இருந்திருக்கிறது? அவர்கள் காட்டிய மாதிரிக் கம்பெனி என்ன செய்து விற்றது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் மேசை, நாற்காலி, இல்லாவிட்டால் சைக்கிள். நாலு கால், ஒரு பலகை, எட்டு ஸ்க்ரூ சேர்ந்தால் ஒரு மேசை. பல இஆர்பி சாஃப்ட்வேர் (வாங்குவது, செய்வது, விற்பது, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பது) இந்தக் கணக்கை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது: பல பொருள் உள்ளே போகும், ஒரு பொருள் வெளியே வரும்.

உங்கள் ஃபேக்டரியில் நடப்பது நேர்த் தலைகீழ். உள்ளே போவது ஒன்றே ஒன்று, பச்சை இலை. ஏறக்குறைய நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள். அந்தத் தூளும் ஒரே சரக்கு இல்லை, சல்லடையில் இறங்கும்போது பிஓபி, பிஓபிஎஃப், ரெட் டஸ்ட், சூப்பர் ரெட் டஸ்ட் என்று பிரிந்துவிடுகிறது, கடைசியில் கழிவு வேறு. அந்தக் கழிவுக்கும் 1959ஆம் வருடத்து டீ வேஸ்ட் கட்டுப்பாட்டு உத்தரவுப்படி கணக்கு வைத்தாக வேண்டும், அதைக் குப்பை என்று தள்ளிவிட முடியாது. சரி, ஒரு நாளைய இலைக்குக் கொடுத்த பணத்தை இந்த ஐந்தாறு ரகத்துக்கு எப்படிப் பங்கு போடுவது, எடைப்படியா விற்ற விலைப்படியா? துணைப்பொருள் என்று ஒரு கட்டம் பல சாஃப்ட்வேரிலும் இருக்கிறது, ஆனால் பங்கு போடும் முறையை நீங்கள் சொல்கிறபடி மாற்ற விடுமா என்பதை உட்கார்ந்து செய்து பார்த்தால்தான் தெரியும். "வரும் சார், பண்ணிடலாம் சார்" என்று வாயால் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள்.

இரண்டாவது முடிச்சு இலை விலை. மேசை செய்கிறவனுக்குப் பலகை வந்து இறங்கும்போதே விலை தெரியும். உங்களுக்கு இன்றைக்கு எடை போட்ட இலையின் விலை, தேயிலை வாரியம் அந்த மாதத்துக்கான சராசரி விலையைச் சொன்ன பிறகுதான் உறுதியாகும். அதுவரை உத்தேச விலை. நடுவில் விவசாயி முன்பணம் வாங்கியிருப்பார், உர மூட்டை எடுத்திருப்பார், மழை நாளில் ஈரத்துக்கு எடை கழித்திருப்பீர்கள், ஏஜென்ட் கமிஷன் தனி. எல்லாம் கழித்து, மாதக் கடைசியில் அறுநூறு எழுநூறு பேருக்குத் தனித்தனியாகச் சீட்டு போக வேண்டும், அதுவும் தமிழில் இருந்தால்தான் ஃபேக்டரி வாசலில் சண்டை வராது. மூன்றாவது, ஏலச் சரக்கு. குன்னூர் ஏலத்துக்கென்று குடோனுக்கு அனுப்பிய மூட்டை விற்கும்வரை உங்களுடையது, விற்காத லாட் அடுத்த ஏலத்துக்குத் திரும்ப வரும். ஃபேக்டரியை விட்டுப் போனதும் "விற்பனை" என்று எழுதிவிடுகிற சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டால் உங்கள் ஸ்டாக் எந்த நாளும் ஒத்துப்போகாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். போன வருடம் இலை வந்து குவிந்த ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு ஃபேக்டரியும் ராத்திரி பகலாக ஓடிய மாதம். அந்த மாதத்து இலைச் சீட்டு, ஃபேக்டரி ரிஜிஸ்டர், ஏல விற்பனைச் சீட்டு, முன்பணப் புத்தகம் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து நாலு பேரிடமும் கொடுத்து, "இதை உங்கள் சாஃப்ட்வேரில் ஏற்றி, இந்த இருபது விவசாயிகளுக்கு மாதச் சீட்டு போட்டுக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். (பெயரையும் ஃபோன் நம்பரையும் மறைத்துவிட்டுக் கொடுங்கள், அது அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தது.) நாலில் இரண்டு பேர் அப்புறம் ஃபோனே எடுக்க மாட்டார்கள். மிச்சம் இருக்கும் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு நான் தேவைப்பட மாட்டேன்.

எந்தெந்தப் பெயர்கள் என்று கேட்பீர்கள். ஜோஹோவில் புக்ஸ், இன்வென்ட்டரி, பேரோல் என்று தனித்தனியாக எடுத்துக் கோத்துக்கொள்ளலாம், இலைக் கணக்குக்கு அவர்களுடைய கிரியேட்டரில் தனியாக ஒரு செயலி எழுத வேண்டிவரும். இஆர்பிநெக்ஸ்ட் திறந்த மூலம் (ஓப்பன் சோர்ஸ்), ஆள் எண்ணிக்கைக்கு லைசென்ஸ் காசு கிடையாது, ஆனால் நன்றாகத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லையென்றால் இலவசமாக வந்த யானைதான். ஒடூ இந்த இரண்டுக்கும் நடுவில். எஸ்ஏபி பிசினஸ் ஒன், மைக்ரோசாஃப்ட் பிசினஸ் சென்ட்ரல், ஆரக்கிள் நெட்சூட் எல்லாம் திறமையான சரக்குதான், ஆனால் 40 கோடி விற்பனையில், தேயிலை கொடுக்கிற லாபத்தில், அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று உங்கள் ஆடிட்டரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். என்னைக் கேட்டால் முதல் மூன்றைத் தாண்டிப் போக வேண்டாம். இன்னொன்று, "டேலி ஆன் கிளவுட்" என்று விற்கிறார்களே, அது பெரும்பாலும் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடுகிற அதே டேலியை எங்கோ இருக்கும் வாடகை சர்வரில் ஓட்டுவது. தப்பில்லை. ஆனால் மகன் கேட்கிற பொருள் அது கிடையாது.

சாஃப்ட்வேரைவிட, அதை உங்கள் இடத்தில் வந்து நிறுவுகிற ஆள்தான் முக்கியம். நான் முன்பு கணக்கு பார்த்த ஒரு ஃபேக்டரியில், பழைய கணக்கை ஏற்ற வந்தவர் விவசாயிகளின் முன்பணப் பாக்கியை ஆள்வாரியாக ஏற்றாமல் ஒரே மொத்தத் தொகையாக ஏற்றிவிட்டார். பேலன்ஸ் ஷீட் அச்சாக ஒத்துப்போனது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதல் மாதச் சீட்டு போட்டபோது யாருடைய சீட்டிலுமே முன்பணம் கழியவில்லை! விவசாயிகளுக்கு ஒரே சந்தோஷம். நாங்கள் மூன்று பேர் பதினோரு நாள் பழைய நோட்டுகளை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தோம். அதனால் அந்த ஆள் இதற்கு முன் எந்தத் தேயிலை ஃபேக்டரியில் செய்திருக்கிறார் என்று கேட்டு, அங்கே நேரில் போய், முதலாளியிடம் கேட்காதீர்கள், இலைச் சீட்டு போடுகிற பையனிடம் கேளுங்கள்.

செலவை மாத வாடகையாக மட்டும் பார்க்காமல் ஐந்து வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். நிறுவுகிற கூலி, பழைய கணக்கு ஏற்றும் கூலி, மாற்றி எழுதும் கூலி, பயிற்சி, அதன்மேல் 18% ஜிஎஸ்டி (இது உள்ளீட்டு வரியாகத் திரும்ப வரும், ஆனால் கையை விட்டுப் போய்த்தான் வரும்). ரேட்டு டாலரில் இருக்கிறதா ரூபாயில் இருக்கிறதா, புதுப்பிக்கும்போது எத்தனை சதவீதம்வரை ஏற்றலாம், இதெல்லாம் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வர வேண்டும்.

சட்டம் பக்கமும் கொஞ்சம். ஜிஎஸ்டி உள்ள சரக்கை வியாபாரிகளுக்கு விற்று 5 கோடி தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் ஏற்றி நம்பர் வாங்குகிற பில்) கட்டாயம், 10 கோடி தாண்டியவர்கள் 2025 ஏப்ரல் முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அதைப் போர்ட்டலில் ஏற்றிவிட வேண்டும். ஆகவே சாஃப்ட்வேர் தானே போர்ட்டலோடு பேசி நம்பர் வாங்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் யூனிட்டுக்கு விற்பனையே இல்லாமல் சரக்கு இறங்குகிறதே, தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டினால் அதற்கும் இ-வே பில் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு) வேண்டும், அதைச் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னும் இரண்டு: யார் எந்த எண்ணை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவை அணைக்க முடியாத சாஃப்ட்வேராக இருக்க வேண்டும் (2023 ஏப்ரல் 1 முதல்), தினமும் பேக்கப் இந்தியாவில் இருக்கிற சர்வரில் இருக்க வேண்டும். கூட்டு நிறுவனம் (பார்ட்னர்ஷிப்) என்றால் இந்த இரண்டும் கட்டாயமில்லை. ஆனால் இலைக் கணக்கில் யார் கை வைத்தது என்று தெரிவது யாருக்குத்தான் வேண்டாம்?

எப்போது மாறுவது? எல்லோரும் ஏப்ரல் 1 என்பார்கள். கணக்குக்கு அது சரி, இலைக்குச் சரிப்படாது. கோடை மழை விழுந்து கொழுந்து வரத் தொடங்குகிற நேரத்தில் புதுச் சீட்டு மெஷினோடு மல்லுக்கட்ட முடியாது. பனி விழுந்து இலை குறைந்து கிடக்கும் ஜனவரியில் இலைக் கணக்கை மட்டும் புதிதில் தொடங்குங்கள், பழைய எக்செலும் பக்கத்திலேயே ஓடட்டும், இரண்டும் ஒரு மாதம் ஒத்துப்போன பிறகு ஏப்ரலில் மற்றதைக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: கிளவுட் எல்லாம் சமவெளிக்குச் சரி. எங்கள் ஊரில் காற்று அடித்தால் மரம் விழும், மரம் விழுந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்து போகும். அன்றைக்கு என்ன செய்வது? (மஞ்சூரிலிருந்து ஒரு ஃபேக்டரி மேனேஜர்)

பதில்: இந்தக் கேள்வியைத்தான் நான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். விற்க வருகிறவர் "99.9 சதவீதம் அப்டைம்" என்பார். அப்படியென்றால் வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் அவர்கள் சர்வர் நிற்கலாம் என்று அர்த்தம், அவ்வளவுதான். உங்கள் ஊர்க் கம்பம் சாய்ந்து இரண்டு நாள் நெட் இல்லாதது அந்தக் கணக்கில் வரவே வராது.

இலை எடை போடும் இடத்தில் இருக்கிற செயலி நெட் இல்லாமலே ஓட வேண்டும், எடையை ஃபோனிலேயே சேமித்து, புளூடூத் பிரிண்டரில் சீட்டும் அடித்துக் கொடுத்துவிட்டு, சிக்னல் வந்ததும் தானே மேலே அனுப்ப வேண்டும். அனுப்பும்போது ஒரே சீட்டு இரண்டு தடவை ஏறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். டெமோ அன்றைக்கே ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு "இப்போ ஒரு சீட்டு போடுங்க" என்று சொல்லுங்கள், பாதி பேர் அங்கேயே முழிப்பார்கள். ஆபீசுக்கு இரண்டு கம்பெனி இணைப்பு வாங்குகிறவர்கள், இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் தொங்கி வருகிறதா என்று ஒரு தடவை ரோட்டில் நடந்து பார்த்துவிடுங்கள். அப்படி வந்தால் இரண்டாவதற்குப் பதில் மொபைல் டேட்டா ரூட்டர் ஒன்று போதும், யுபிஎஸ்ஸோடு.

கேள்வி: வாடகை கட்டுவதை நிறுத்திவிட்டால் நம் கணக்கு அவர்களிடமே மாட்டிக்கொள்ளுமா? (குன்னூர்)

பதில்: மாட்டிக்கொள்ளலாம், முன்கூட்டியே பார்க்காவிட்டால். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகம் 8 வருடம் வைத்திருக்க வேண்டும், சாஃப்ட்வேர்க்காரரோ சந்தா முடிந்து சில மாதத்தில் அழித்துவிடலாம். எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும், படியுங்கள். சேர்ந்த முதல் மாதமே ஒரு தடவை "எல்லாவற்றையும் வெளியே எடு" என்று பட்டனை அழுத்தி, வந்த ஃபைலை எக்செலில் திறந்து பாருங்கள். வெறும் லெட்ஜர் பெயர்கள் மட்டும் வந்தால் போதாது, ஒவ்வொரு வவுச்சரும், அதோடு இணைத்த பில் படமும் வர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்து ஒரு ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேத்தியில் கேரட் மொத்த வியாபாரம், வருடம் ஏழு கோடி. எனக்கும் இஆர்பி போடச் சொல்கிறார் ஒருவர். இ-இன்வாய்ஸ் கட்டாயமாம், இல்லாவிட்டால் அபராதமாம்.

பதில்: வேண்டாம். புதுக் காய்கறிக்கு ஜிஎஸ்டி விலக்கு, விலக்குள்ள சரக்குக்கு இ-இன்வாய்ஸும் கிடையாது. உங்களுக்குத் தேவை எந்த மண்டியிலிருந்து எவ்வளவு பாக்கி என்று காலையில் ஃபோனில் தெரிவது, அதற்குச் சின்ன பில்லிங் செயலி ஒன்று போதும். பயமுறுத்தி விற்க வந்தவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ஊட்டியில் ஒரு ஹோட்டல் குழுமத்தில் 22 வருடமாக அக்கவுண்டன்ட். முதலாளி கிளவுட் போடப் போகிறார். என் வேலை என்ன ஆகும் சார்? பெயர் வேண்டாம்.

பதில்: பில் டைப் அடிக்கிற வேலை குறையும் அம்மா, அதை மறைத்துப் பேச விருப்பமில்லை. ஆனால் எந்த ஏஜென்டுக்கு எந்த சீசனில் என்ன ரேட்டு, எந்தப் பாக்கி வரும், எது வராது என்பதெல்லாம் இப்போது உங்கள் தலையில்தான் இருக்கிறது, கணக்கு ஏற்ற வருகிறவனுக்கு அது தெரியாது. தேர்ந்தெடுக்கிற கூட்டத்திலேயே உங்களை உட்கார வைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன், மாதாமாதம் நீங்கள் கையால் சரிசெய்கிற விஷயங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். என் கணக்கில் குறைந்தது முப்பது தேறும்.