மீம் என்றால் முதலிலிருந்தே சிரிப்புப் படம்தானா?

இல்லை. 1976-இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் இந்தச் சொல்லை உருவாக்கியபோது அதில் சிரிப்பே கிடையாது. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்வதால் பரவும் எதுவும் மீம்தான்: ஒரு மெட்டு, உடை பாணி, பானை வனையும் முறைகூட.

இணையத்தில் அப்படிப் பரவியவற்றில் வேடிக்கைப் படங்களே அதிகம் கண்ணில் பட்டன. பொருளும் அங்கேயே சுருங்கிவிட்டது. 2010-இல் எடுத்த கபோசு என்ற ஜப்பானிய நாயின் படத்தையே பாருங்கள். முன்கால்களைக் குறுக்காக வைத்து, புருவம் உயர்த்தி, ஓரக்கண்ணால் ஒரு பார்வை. என்ன அழகு! சுற்றிலும் வண்ண எழுத்தில், அரைகுறை ஆங்கிலத்தில் நாயின் மனக்குரல். ஆளாளுக்கு வரிகளை மாற்றினார்கள். முகம் மட்டும் அப்படியே இருந்தது.

இப்படி வேண்டுமென்றே மாற்றுவதால்தான், இணைய மீம் தன் மூலக் கருத்தைக் கடத்திக்கொண்டு போய்விட்டது என்று 2013-இல் டாக்கின்ஸே சொன்னார். எனக்கு அது சரியென்றே படுகிறது.