பிழை தேடிய இரவு

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கும் ஆசிரியை. பள்ளியில் எந்த வேலை தேங்கி நின்றாலும் அது கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. ஓய்வுப் பாடவேளையில் விடுப்பிலிருப்பவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலையில் பெற்றோரின் தொலைபேசி அழைப்புகள், இரவில் விடைத்தாள்கள், விடிந்தால் பாடக்குறிப்பு. ஞாயிற்றுக்கிழமைகூட மதிப்பெண் பதிவேட்டோடுதான் கழிகிறது.

உடன் பணிபுரிபவர்கள் மணி அடித்ததும் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால், ‘நான் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டுமா?’ என்று ஒருவரும் தாமாக வந்து கேட்டதில்லை. தலைமையாசிரியரோ, ‘உங்களிடம் கொடுத்துவிட்டால் எனக்குக் கவலையில்லை’ என்று சொல்லியே எல்லாவற்றையும் என் தலையில் கட்டுகிறார். சென்ற தேர்வின்போது எனக்குக் காய்ச்சல் என்பதால் அறை ஒதுக்கீட்டையும் கண்காணிப்பாளர் பட்டியலையும் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியை தயாரித்தார். உடம்பு தேறியதும் இரவு வெகுநேரம் உட்கார்ந்து அவற்றைச் சரிபார்த்தேன், ஒரு பிழையும் இல்லை, ஏனோ அன்று உறக்கமே வரவில்லை, அது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது நேரத்தைப் பற்றி.

வீட்டிலும் இதைப் புரிந்துகொள்வார் இல்லை. ‘முடியாது என்று சொல்லிவிடேன்’ என்கிறார் கணவர். சொன்னால் அந்த வேலையை யார் செய்வார்கள்? மணி அடித்ததும் கிளம்புகிறவர்களா? இருக்கும் நேரத்தைப் பகிர்ந்து பயன்படுத்த ஒரு வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் பணிச்சுமை உண்மையானது. ஓய்வுப் பாடவேளைகள் தொடர்ந்து பறிபோவது நியாயமன்று. அவற்றில் சிலவற்றையாவது உங்களுக்கே விட்டுவைக்கும்படி தலைமையாசிரியரிடம் எழுத்துமூலமாகக் கேளுங்கள். அதற்குமேல் நேரத்தைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. ‘வேறு விஷயம்’ என்று நீங்கள் ஒதுக்கிய அந்த இரவைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நேரம் மட்டுமே உங்கள் குறை என்றால், பெரியதொரு வேலையை வேறொருவர் பழுதின்றி முடித்துவைத்த அன்று நீங்கள் நிம்மதியாக உறங்கியிருப்பீர்கள். நீங்களோ மிச்சமான நேரத்தைப் பிழை தேடுவதில் செலவிட்டீர்கள். பிழை கிடைக்காதது உங்களை வருத்தியது. நீங்கள் இல்லாமலும் அந்தப் பட்டியல் உருவாகும் என்று அன்று தெரிந்துகொண்டீர்கள். உங்களை உறங்கவிடாமல் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. கற்பித்தலின் பலன் எப்போது, யாரிடம் வெளிப்படும் என்பது ஆசிரியருக்குத் தெரிவதில்லை. பல நேரங்களில் தெரியாமலே போய்விடுகிறது. பட்டியலோ மாலைக்குள் முடிந்துவிடும், நன்றியும் உடனே கிடைத்துவிடும். ‘உங்களிடம் கொடுத்துவிட்டால் கவலையில்லை’ என்ற சொல்லைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்காகவே பல வேலைகளை நீங்கள் கைவிடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பணிச்சோர்வைப் பற்றி 1974-இல் எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், அதற்கு எளிதில் ஆளாவோர் அர்ப்பணிப்பு மிக்கவர்களே என்றார். தம்மைப்போல் வேறு யாராலும் செய்ய முடியாது என்று எல்லாவற்றையும் தம் கையிலேயே வைத்துக்கொள்பவர்களையும் அவர் அந்த வரிசையில் சேர்த்தார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை ஒரு நோயாகக் கொள்ளாமல், பணி சார்ந்த நிலையாக விவரித்து, அதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, திறம்படச் செய்கிறோம் என்ற உணர்வு குன்றுவது. முதலாவது உங்கள் கடிதம் முழுவதும் இருக்கிறது. எனக்குக் கவலை தருவது இரண்டாவது. முதல் வரிக்குப் பிறகு உங்கள் கடிதத்தில் வேதியியல் இல்லை. ஒரு மாணவர்கூட இல்லை. விடைத்தாள்கள் வருகின்றன, அவற்றை எழுதியவர்கள் வரவில்லை.

உடன் பணிபுரிபவர்கள்மீது முழுப் பழியையும் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. செய்துகொடுத்த வேலையில் நள்ளிரவுவரை பிழை தேடும் ஒருவரிடம், அடுத்த முறையும் ‘நான் செய்யட்டுமா?’ என்று கேட்க யாருக்குத் துணிவு வரும்? அவர்கள் கேட்காததற்குச் சோம்பலும் காரணமாக இருக்கலாம்; அது மட்டுமே காரணம் என்று நீங்கள் முடிவு கட்டியிருப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

திரும்பக் கிடைக்கும் நேரத்தை மற்றொரு பட்டியலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது வகுப்பறைக்குப் போகட்டும். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பெண் இல்லாமல் கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் கருத்துரையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. சிறு தேர்வுகளிலாவது மதிப்பெண்ணை விட்டுவிட்டு, அந்த மாணவர் எங்கே தடுமாறினார் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அதை எழுதுவதற்கு அவரை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

அடுத்த தேர்வின் பட்டியலை அந்த இளம் ஆசிரியையிடமே விட்டுவிடுங்கள். உங்களிடம் காட்டாமலே அவர் அதை ஒப்படைக்கட்டும். சென்ற முறை அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை என்பதை அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லாததால், சொல்லவில்லை என்றே எண்ணுகிறேன். நாளை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்