வறண்ட வைகைக்கு எந்த வரம்பு? கழிவுநீர் கேள்வி பதில்

சிலைமான் வாசகர்: வணக்கம் ஐயா. வெளியேற்றும் நீரில் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கக் கிருமிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்கு 30 மி.கி. வரை இருக்கலாம் என்கிறது விதி. வைகைக்கு அது சரிவருமா?

பதில்: ஆற்றில் ஓடும் தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 2 மி.கி. பி.ஓ.டி. உள்ள ஆற்றுநீர் நாளுக்கு 30 மில்லியன் லிட்டர் ஓடுகிறது, அதில் 30 மி.கி. உள்ள 1 மில்லியன் லிட்டரை விடுகிறீர்கள் என்று வைப்போம். (30×2 + 1×30) ÷ 31 = 2.9. குளிக்கத் தக்க நீருக்கான 3-க்குள் நிற்கிறது. ஓட்டம் 10 மில்லியனாகக் குறைந்தால் 4.5 ஆகிவிடும், அப்போது விடுகிற நீர் 13-க்குள் இருந்தாக வேண்டும். கோடையில் மணல் தெரியும்போது விடுகிற நீர்தான் ஆறு, அதுவே 3-க்குள் இருக்க வேண்டும்.

அழகர் இறங்கத் திறந்துவிடும் தண்ணீரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கணக்கு ஏமாற்றும். ஏழு நாள் சராசரி ஓட்டத்தில், பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் அளவுக்குக் குறைந்ததை எடுங்கள். அது பூஜ்யம் என்றால் ஆற்றில் விடாமல் மறுபயன்பாட்டுக்குத் திருப்புவதே நல்லது.

சுத்திகரிப்பு நிலையப் பணியாளர்: எங்கள் சராசரி 25தான் சார். ஆனாலும் அடிக்கடி 30-ஐத் தாண்டுகிறதே?

பதில்: தாண்டத்தான் செய்யும். பி.ஓ.டி. நாளுக்கு நாள் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் அளவான திட்டவிலக்கம் சராசரியில் 60 சதவீதம் இருந்தால், சராசரி 25 உள்ள நிலையம் ஏறத்தாழ நாலில் ஒரு நாள் 30-ஐ மீறும். நூற்றுக்கு 95 நாள் வரம்புக்குள் நிற்கச் சராசரி 14 வேண்டும். வரும் கழிவுநீரைத் தேக்கிக் கலந்து சீராக அனுப்பும் சமன்படுத்தும் தொட்டி கட்டி ஏற்ற இறக்கத்தை 30 சதவீதமாக்கினால் சராசரி 19 போதும். கிருமிகளுக்குக் காற்று கொடுக்கும் காற்றூட்டியைக் கூட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். வரம்பு எழுதுபவர்களும் "30" என்று மட்டும் எழுதாமல், எத்தனை நாள் மீறலாம், மாதிரி ஒரே தடவை எடுத்ததா, 24 மணி நேரம் சேர்த்ததா என்றும் எழுத வேண்டும்.

கல்லூரி மாணவி: ஒரே நீருக்கு ஒரு ஆய்வகம் 18, இன்னொன்று 24 என்கிறதே சார்?

பதில்: பி.ஓ.டி. சோதனையில் அந்த வித்தியாசம் சகஜம் அம்மா. சோதனை சரியா என்று பார்க்கப் பயன்படும் குளுக்கோஸ்-குளுட்டமிக் அமிலத் தரக்கரைசலுக்கே 198-லிருந்து 30.5 கூடவோ குறையவோ அனுமதி உண்டு. பாட்டிலைத் திறந்ததும் குளோரின் வாடை அடித்தால் உஷாராகுங்கள். குளோரின் கிருமிகளைக் கொன்றுவிடும், அளவு பொய்யாகக் குறையும். முதலில் சோடியம் சல்ஃபைட் சேர்த்துக் குளோரினை நீக்கி, பிறகு விதைநீர் (உயிருள்ள கிருமிகள் கொண்ட நீர்) விடுங்கள். மாதிரியை ஐஸ் பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும்.

சுங்குடிச் சாயப்பட்டறைக்காரர்: சாயக்கழிவில் உள்ள உப்பும் இந்தச் சுத்திகரிப்பில் போய்விடுமா அண்ணே?

பதில்: போகாது. காற்றூட்டும் தொட்டி உப்பைத் தொடாது. அதற்கு ஆர்.ஓ. போன்ற சவ்வு வடிகட்டல் வேண்டும்.