சீஸ்மிக் சர்வே கப்பல் வேலை: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

வட கடலில் ஒலி அலைகளை அனுப்பி எண்ணெய், எரிவாயு தேடும் சீஸ்மிக் சர்வே கப்பல்களில் நேவிகேட்டராக இருக்கிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

சரவணன்: அண்ணா, கடலடிக்குக் கீழே இருப்பதை மேலிருந்தே எப்படிப் பார்க்கிறீர்கள்?

பார்ப்பதில்லை தம்பி, காது கொடுத்துக் கேட்கிறோம். கப்பலுக்குப் பின்னால் ஏர் கன்கள் வரும். அவற்றில் சுமார் 2000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடைத்த காற்றைச் சில நொடிகளுக்கு ஒருமுறை தண்ணீருக்குள் திறந்துவிடுவோம். அந்தச் சத்தம் கடலடியைத் தாண்டி இறங்கி, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும். அதைப் பிடிப்பது ஸ்ட்ரீமர், அதாவது ஹைட்ரோபோன்கள் பொருத்திய கேபிள். ஒவ்வொன்றும் 6, 8 கிலோமீட்டர் நீளம், பத்துப் பன்னிரண்டு கேபிளை ஒன்றாக இழுப்பது சாதாரணம். 2013ல் நாகசாகியில் மிட்சுபிஷி கட்டிய ராம்ஃபார்ம் டைட்டன் என்ற சர்வே கப்பலின் நீளம் 104 மீட்டர், பின்பக்க அகலமோ 70 மீட்டர். 24 ஸ்ட்ரீமர் ரீல்களுக்கு இடம் வேண்டுமே! மேலிருந்து பார்த்தால் இஸ்திரிப்பெட்டி மாதிரி இருக்கும்.

ஜோசப்: வழியில் மீன்பிடிப் படகு வந்தால் நிறுத்திவிடுவீர்களா?

நிறுத்தவே முடியாது. கேபிள்களைப் பக்கவாட்டில் விரித்துப் பிடிக்கும் டோர் என்ற பலகைகள் கப்பல் ஓடினால்தான் வேலை செய்யும், நின்றால் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அதனால் இரவும் பகலும் நாலு, ஐந்து நாட் (மணிக்கு ஏழு முதல் ஒன்பது கிலோமீட்டர்) வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருப்போம். ஒரு லைன், அதாவது சர்வேக்குக் குறித்த நேர்கோட்டுப் பாதை, முடித்து அடுத்த லைனுக்குத் திரும்பவே மூன்று மணி நேரம்கூட ஆகும். முன்னால் போகும் சேஸ் போட் என்ற துணைப்படகுதான் ரேடியோவில் படகுகளிடம் பேசி வழிவிடக் கேட்கும். மரியாதையாகக் கேட்க வேண்டும், அது அவர்கள் பிழைக்கும் கடல்.

மீனா: திமிங்கலங்களுக்கு அந்தச் சத்தம் கெடுதல் இல்லையா?

கெடுதல்தான், மறைக்க மாட்டேன். அவை கேட்டுத்தான் வாழ்கின்றன. பிரிட்டிஷ் கடற்பகுதியில் ஜேஎன்சிசி என்ற அரசு இயற்கைப் பாதுகாப்பு ஆலோசனை அமைப்பின் விதிமுறை உண்டு. ஏர் கன்களைச் சுடத் தொடங்குமுன் குறைந்தது 30 நிமிடம், 200 மீட்டருக்கு மேல் ஆழமென்றால் 60 நிமிடம் கண்காணிக்க வேண்டும். 500 மீட்டருக்குள் திமிங்கலமோ டால்பினோ வந்தால் தொடங்கக் கூடாது. அப்புறமும் சின்ன கன்னில் ஆரம்பித்து 20 நிமிடமாவது மெதுவாகக் கூட்டுவோம், விலகிப் போக அவற்றுக்கு நேரம் கிடைக்கட்டும் என்று. கண்காணிப்பாளர் இப்போது தொடங்காதே என்றால் பார்ட்டி சீஃப், அதாவது சர்வே குழுத் தலைவர், முகம் சுளிப்பார், நேரம் என்றால் பணம். ஆனாலும் கண்காணிப்பாளர் சொல்லுக்கு எதிர்ப்பேச்சு இருக்கக் கூடாது.

பெயர் வேண்டாம் என்றவர்: என் கணவர் இந்த வேலைக்குப் போகிறார். வாழ்க்கை எப்படி இருக்கும்?

ஐந்து வாரம் கடல், ஐந்து வாரம் வீடு என்பது பரவலான முறை. தினமும் 12 மணி நேர ஷிப்ட், விடுமுறை நாள் கிடையாது. சாப்பாடு நன்றாக இருக்கும். கஷ்டம் எதுவென்றால், காத்திருப்பதுதான் அக்கா. அலை உயர்ந்தால் இரைச்சலில் பதிவு கெட்டுவிடும், நாள்கணக்கில் சும்மா ஆடிக்கொண்டு கிடப்போம். என் மகள் முதல் அடி வைத்ததை அப்படியொரு நாளில் வீடியோவில்தான் பார்த்தேன். அவர் சோர்ந்த குரலில் பேசினால் உங்கள் மேல் கோபம் என்று நினைக்காதீர்கள், அப்போதுதான் ஷிப்ட் முடிந்திருக்கும்.

கார்த்திக்: வேலை வாங்கித்தர ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கொடுக்காதே தம்பி. கடலோடிகளிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், கடலோடிப் புத்தகம் (கடலோடியின் அடையாள, பணிப் பதிவேடு), இவற்றின் செலவுதான் உன்னுடையது. ஜியோபிசிக்ஸோ எலக்ட்ரானிக்ஸோ படித்திருந்தால் சர்வே கம்பெனிகளுக்கு நேரடியாக விண்ணப்பம் போடு.