தளப்பணியை விட்டு ‘பிம்’ கற்கப் போகலாமா?

கேள்வி: சிவில் பொறியியல் முடித்து, ஈராண்டுகளாகக் கட்டுமானத் தளத்தில் பொறியாளராக இருக்கிறேன். உடன் படித்தவர்கள் பலர் ‘பிம்’ மென்பொருள் கற்று அலுவலக வேலைக்கு மாறிவிட்டார்கள். நானும் வேலையை விட்டுப் பயிற்சியில் சேரலாமா?

பதில்: கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக இப்போதே வேலையை விடாதீர்கள். ‘பிம்’ எனப்படும் கட்டடத் தகவல் மாதிரியாக்கம், அதாவது கட்டடத்தை அதன் விவரங்களோடு கணினியில் முப்பரிமாண மாதிரியாக உருவாக்கும் முறை, சில ஆண்டுகளில் மறைந்துவிடும் மோகம் அன்று. மைய அரசு மேற்கொள்ளும் கட்டுமானங்களுக்குப் பிரிட்டன் 2016-இல் அதைக் கட்டாயமாக்கியது. இதற்கான ஐஎஸ்ஓ 19650 என்னும் சர்வதேசத் தரநிலையின் முதல் இரு பகுதிகள் 2018-இல் வெளிவந்தன.

அந்த வேலையின் மையமான பணி ஒன்றைப் பாருங்கள். கட்டமைப்பு, குழாய், குளிர்சாதனம், மின்சாரம் ஆகியவற்றை ஒரே கணினி மாதிரியில் சேர்த்ததும், எது எதோடு இடிக்கிறது என்று மென்பொருளே பட்டியலிட்டுவிடும். எதை நகர்த்துவது என்பதைப் பெரும்பாலும் மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். கழிவுநீர்க் குழாய் சரிவை நம்பி ஓடுவது என்பதால் அதை விருப்பம்போல் ஏற்றி இறக்க முடியாது. பெரிய காற்றுக்குழாய்க்கு மாற்றுவழி கிடைப்பது அரிது. அழுத்தத்தில் ஓடும் குடிநீர்க் குழாயை வளைத்துக்கொண்டு போகலாம்; மின்கம்பிக் குழாயை நகர்த்துவது இன்னும் எளிது. வேறு வழியின்றி உத்திரத்தையே துளைக்க நேர்ந்தால், தூண் போன்ற தாங்கிகளின் அருகே பொதுவாக வெட்டு விசை (உத்திரத்தைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை) மிகுதி என்பதும், கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதலின்றி எங்கும் துளையிடக் கூடாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். உத்திரமும் தூணும் சேருமிடத்தில் கம்பிகள் நெருக்கியடித்து, கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி நுழையக்கூட இடமில்லாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்தவருக்கே இந்த முடிவுகள் தயக்கமின்றி வரும். அந்த அனுபவம் இல்லாதவர்கள் பலர் இருபரிமாண வரைபடத்தை முப்பரிமாணமாக மாற்றும் வேலையிலேயே தேங்கிவிடுகிறார்கள். தானியங்கி மென்பொருள் முதலில் விழுங்கப்போவது அந்த வேலையைத்தான் என்பது என் கணிப்பு.

ஆகவே, மாலை வேளைகளில், நீங்கள் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் ஒரே ஒரு மாடியை மட்டும் மாதிரியாக்குங்கள். அதிலிருந்து கிடைக்கும் கான்கிரீட் கன அளவை முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் உங்கள் அளவுப் புத்தகத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால், உத்திரமும் தளப்பலகையும் (ஸ்லாப்) சேருமிடத்தைக் கணினி மாதிரி இருமுறை கணக்கிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளபடி வந்து இறங்கிய கான்கிரீட்டோடு ஒப்பிடுவதானால் சேதாரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நேர்முகத் தேர்வில் இந்த ஒப்பீட்டை விளக்க முடிந்தால், சான்றிதழைவிட அதற்கே மதிப்பு அதிகம். ஒவ்வொரு கம்பியின் நீளம், வளைவு, எண்ணிக்கையைக் குறிக்கும் கம்பி வளைப்புப் பட்டியலை இதுவரை நீங்களே தயாரித்ததில்லை என்றால், தளப்பணியை விடுமுன் அதையும் ஒருமுறை கேட்டு வாங்கிச் செய்துவிடுங்கள்.

பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, மென்பொருள் கட்டளைகளை மட்டும் சொல்லித்தருகிறார்களா, பல துறை வரைபடங்களை ஒருங்கிணைக்கவும் பழக்குகிறார்களா என்று விசாரியுங்கள். உங்கள் நிறுவனத்திலேயே திட்டமிடல் பிரிவு இருந்தால், கட்டணம் செலுத்தும் முன் அங்கே சில மாத மாற்றல் கேட்டுப் பாருங்கள்.