கல்பனா சாவ்லா என்ற பொறியாளர்: டர்பன் வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி (சாட்ஸ்வர்த்): விண்வெளிக்குச் செல்லும் முன் கல்பனா சாவ்லா என்ன வேலை பார்த்தார்?

பதில்: காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிடுவதுதான் அவருடைய தொழில். கர்னாலில் பிறந்தவர், சண்டிகரின் பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் 1982இல் விமானப் பொறியியல் பட்டமும், 1988இல் அமெரிக்காவின் கொலராடோவில் முனைவர் பட்டமும் பெற்றார். அதே ஆண்டு நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் சேர்ந்து, செங்குத்தாக எழும்பும் ஹாரியர் போன்ற விமானங்கள் தரையை நெருங்கும்போது, கீழ்நோக்கிப் பீறிடும் காற்று தரையில் மோதித் திரும்பி அவற்றை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்தார். விண்வெளி வீரராகத் தேர்வானது 1994 டிசம்பரில்தான்.

கேள்வி (டோங்காட்): முதல் பயணத்தில் ஒரு செயற்கைக்கோளை அவர் தவறவிட்டார் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. 1997 நவம்பர் 21 அன்று, சூரியனை ஆராயும் ஸ்பார்ட்டன் செயற்கைக்கோளைக் கொலம்பியா விண்கலத்தின் இயந்திரக் கையால் அவர் வெளியே விட்டார். விட்டதும் அது ஒருமுறை சுழன்று காட்டியிருக்க வேண்டும், அசையவே இல்லை. மீண்டும் பிடிக்க முயன்றபோது கை மெல்ல இடித்து, அது தன்னைத்தானே சுற்றத் தொடங்கியது. மூன்று நாள் கழித்து சக வீரர்கள் வின்ஸ்டன் ஸ்காட்டும் டாக்காவோ டோயியும் விண்கலத்துக்கு வெளியே சென்று, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அதைக் கையுறை அணிந்த கைகளாலேயே பற்றினார்கள். மென்பொருள் இடைமுகத்திலும், விண்கலக் குழுவுக்கும் தரைக் கட்டுப்பாட்டுக்கும் வகுக்கப்பட்ட நடைமுறைகளிலும் பிழை இருந்ததாக விசாரணை கண்டது. அவர் ஒருவர் மீது மட்டும் பழி போடுவது முறையல்ல. நாசாவும் அவரை ஒதுக்கவில்லை. இரண்டாம் பயணத்துக்குத் தேர்ந்தெடுத்தது.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): 2003இல் என்ன நடந்தது?

பதில்: அவருடைய இரண்டாம் பயணத்தில், கொலம்பியா ஏவப்பட்ட 82ஆம் நொடியளவில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு, இடது இறக்கையின் முன்விளிம்பை உடைத்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது கொதிக்கும் வாயு அவ்வழியே புகுந்து விண்கலம் சிதறியது. எழுவரும் உயிரிழந்தனர்.

கேள்வி (பீனிக்ஸ்): மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். இந்தத் துறைக்கு இங்கே வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் ஊரின் பெயரையே கொண்ட பீனிக்ஸ் ராக்கெட்டைக் குவாசூலு-நாட்டால் பல்கலைக்கழகத்தார் உருவாக்கினார்கள். 2021 மார்ச்சில் அது ஏறத்தாழ 18 கிலோமீட்டர் உயரத்தை எட்டியது. ஆனால் பாடங்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. மதிப்பெண் எளிதாக வரும் என்று பலர் 'மேத்ஸ் லிட்' (அன்றாட வாழ்வுக்கான எளிய கணக்குப் பாடம்) எடுக்கச் சொல்வார்கள். அதை வைத்துப் பொறியியல் பட்டப்படிப்பில் சேர முடியாது. முழுக் கணிதமும் இயற்பியல் அறிவியலும் வேண்டும். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவத்தில் கையொப்பமிடும் முன்பே முடிவு செய்யுங்கள்; பதினோராம் வகுப்பில் மாறுவது மிகக் கடினம்.