சும்மா இருக்கச் சம்பளம் தருகிறார்கள்

ஐயா,

எனக்கு 27 வயது. கிளிநொச்சியில் குளப் புனரமைப்புத் திட்டமொன்றில் ஒப்பந்த அடிப்படையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். சிறுபோகம் வெட்டி, குளம் வற்றிக் கிடந்த நாட்களில் சாப்பிடவும் நேரமில்லை. மாரி தொடங்கியதோடு மண் வேலை நின்றுவிட்டது. காலை 8.30க்கு ஒரு கையெழுத்து, மாலை 4.15க்கு ஒரு கையெழுத்து. இடையில் ஒன்றுமில்லை. பொறியியலாளரிடம் வேலை கேட்டால், "கொஞ்சம் பொறும் தம்பி" என்கிறார். பழைய அளவீட்டுப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றச் சொன்னார். அதுவும் முடிந்தது. நிரந்தர நியமனக்காரர் கூட்டத்துக்குப் போகிறார்கள், என்னைக் கூப்பிடுவதில்லை.

அம்மா, "வெயிலுமில்லை, மழையுமில்லை, மாதம் முடியக் காசு வருது, உனக்கென்ன குறை?" என்கிறா. கேட்கக் கோபம் வருகிறது. ஒட்டுசுட்டான் பக்கத்துச் சின்னக் குளமொன்றின் கமக்கார அமைப்புச் செயலாளர் அண்ணை போன கிழமை போன் எடுத்து, குளக்கட்டின் அடியில் தண்ணி கசியுது, ஒருக்கா வந்து பாருங்கோ என்றார். அது எங்கள் திட்டக் குளமில்லை, கமநல சேவை நிலையத்துக்குச் சொல்லுங்கோ என்று வைத்துவிட்டேன். போனாலும் நான் என்னத்தைக் கண்டு சொல்லப்போகிறேன். அதை விடுங்கள். பொறியியலாளர் என்னை ஒரு ஆளாகவே மதிப்பதில்லை. வேலை தராமல் சம்பளம் தருவதும் ஒருவகை அவமானம்தானே? சித்திரையோடு ஒப்பந்தம் முடிகிறது. இப்போதே விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போகவா?

பெயர் வேண்டாம், கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

"அதை விடுங்கள்" என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் அதை விடப்போவதில்லை.

வேலை இல்லையென்று நொந்துபோயிருக்கும் உங்களை ஒரு வேலை தேடி வந்தது. திட்டக் குளமில்லை என்பது நியாயமான பதில்தான். ஆனால் உண்மையான காரணம் அடுத்த வரியில் இருக்கிறது: "போனாலும் நான் என்னத்தைக் கண்டு சொல்லப்போகிறேன்." உங்களை அரிப்பது அலுப்பு என்று நான் நினைக்கவில்லை. தொழில் கையைவிட்டுப் போய்விட்டதோ, அதை ஊர் கண்டுபிடித்துவிடுமோ என்ற பயம். மறுத்த உடனே நெஞ்சு லேசாகியிருக்கும். அந்த ஆறுதல்தான் அடுத்த முறையும் மறுக்க வைக்கும். கொழும்புக்குப் போனாலும் இந்தப் பயம் கூடவே வரும்.

பொறியியலாளரில் எனக்குப் பெரிய குற்றம் தெரியவில்லை. ஈரம் கூடிய மண் உருளை ஓட்டினால் பிசைபடும், இறுகாது. அதனால் மாரியில் கட்டு வேலையுமில்லை, அளக்கவும் ஒன்றுமில்லை. கூட்டத்துக்கு நானும் வரட்டோ என்று நேரே கேளுங்கள். அம்மாவில் கோபிக்காதீர்கள், உங்கள் பயம் அவவுக்குத் தெரியாது.

குளக்கட்டு தன் குறைகளைக் காட்டுவது மாரியில்தான். மண்கட்டு எதுவும் சற்றுக் கசியும். தெளிந்த நீர், ஒரே அளவாக வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கலாக வந்தாலோ, ஊற்று வாயைச் சுற்றி நுண்மணல் வளையமாகச் சேர்ந்தாலோ, கட்டின் உள்ளே மண் அரிபட்டுக் குழாய்போல வழி விழுகிறது. உக்கிய மர வேரும் கறையான் புற்றும் அதற்கு வழி திறக்கும்.

ஒரு லீற்றர் வெறும் போத்தல் கொண்டுபோங்கள். கசிவிடத்தில் தடி நட்டு அடையாளம் வையுங்கள். போத்தல் நிரம்ப எத்தனை செக்கன் என்று பாருங்கள். துருசடி (தண்ணீர் திறந்துவிடும் மதகடி) அளவுகோலில் அன்றைய நீர்மட்டத்தையும் எழுதுங்கள். போத்தலை ஒரு மணித்தியாலம் அசையாமல் வைத்தால் அடியில் மண் படிகிறதா என்று தெரியும். நீர்மட்டம் மாறாமலிருக்க, போத்தல் நாளுக்கு நாள் விரைவாக நிரம்பினால் கசிவு வளர்கிறது. மண் வந்தால், யாரும் களிமண்ணால் வாயை அடைக்க விடாதீர்கள். உள்ளே அமுக்கம் ஏறி, தண்ணீர் வேறிடத்தால் உடைக்கும். மணலும் சல்லியும் பரப்பி, தண்ணீரை வடியவிட்டு மண்ணை மட்டும் தடுக்க வேண்டும். அன்றைக்கே கமநல சேவை நிலையத்துக்குச் சொல்லவேண்டும், அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும்.

கட்டு நிற்குமா, நிற்காதா என்று தீர்ப்புச் சொல்ல உங்களை யாரும் கேட்கவில்லை. பார்த்து, அளந்து, எழுதிக் கொடுப்பது நீங்கள் படித்த வேலை. அதைச் செய்யும்போதுதான் பழைய பிடி திரும்பும். வேலையை விடுவது பற்றிப் பங்குனியில் யோசிக்கலாம்.

ஒரு கிழமை போய்விட்டது. இந்தக் கடிதத்தை வாசித்தவுடன் செயலாளர் அண்ணைக்குப் போன் எடுங்கள். யாரும் வந்து பார்த்தார்களா, தண்ணி தெளிவாக வருதா, கலங்கலாக வருதா என்று கேளுங்கள். கலங்கல் என்றால், பொறியியலாளரிடம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுங்கள்.